கரையில் ஒரு நாள்: திருகோணமலையும் அதன் குடும்பங்களும்

திருகோணமலையின் வரைபடத்தை விரித்தால் முதலில் கண்ணில் படுவது நீர்தான். வடக்கே பெருங்கடலை நோக்கித் திறந்து கிடக்கும் குடா, கிழக்கே டச்சுக் குடா, மேற்கிலும் தெற்கிலும் குன்றுகளுக்கிடையே மடிந்து மடிந்து உள்ளே போகும் துறைமுகம். நகரம் இவற்றின் நடுவே ஓர் ஒடுங்கிய நிலத்துண்டில் இருக்கிறது. ஆனால் மடத்தடியிலோ உவர்மலையிலோ குடியிருக்கும் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போவதென்றால் இந்த நீரில் பெரும்பகுதி அதன் கணக்கிலேயே வராது. துறைமுகத்தை உள்துறைமுக வீதியில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். இறங்கிக் கால் நனைக்க இருப்பவை டச்சுக் குடாவின் கரையும், கோட்டைக்கு வடக்கே அலஸ்தோட்டம், உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று நீளும் மணலும். இன்று நான் முன்வைப்பது ஒரே ஒரு வாதம். இந்தக் கரைகளைத் திட்டமிடும்போது முதலில் நினைக்கப்பட வேண்டியது, காலையில் சோற்றுப் பார்சலோடு வந்து இரவில் வீடு திரும்பும் இந்நாட்டுக் குடும்பம். இரண்டு வாரம் தங்கிப் போகும் வெளிநாட்டுப் பயணியின் தேவை அதற்குப் பின்னால்தான் வரவேண்டும். நடைமுறையில் வரிசை தலைகீழாக இருக்கிறது. அது எப்படித் தலைகீழானது, மாற்றக் கூடாது என்போர் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம்.

இந்த ஊரின் கரை ஊராருக்கு வசப்படாமல் போனது நேற்று முந்தாநாள் நடந்த காரியமல்ல. துறைமுகத்தின் ஆழமும் காப்பும் பிறருக்கு வேண்டியிருந்தன. அதனால் ஊரார் ஒதுங்க வேண்டியிருந்தது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். கோயிலின் கற்களே கோட்டைச் சுவரில் ஏறின. 1639இல் ஒல்லாந்தர் வந்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே கோட்டை ஆங்கிலேயர் கைக்கும் பின் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது. 1795இல் ஆங்கிலேயர் நிலைத்தார்கள்; சில ஆண்டுகளில் கோட்டைக்குத் தங்கள் இளவரசரான பிரெட்ரிக்கின் பெயரையும் இட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி குண்டு பொழிந்தது இந்தத் துறைமுகத்தின் மீதுதான். ஊரின் மீது அவர்களுக்கு என்ன அக்கறை? ஆங்கிலேயர் தளத்தைக் கையளித்தது 1957 அக்டோபரில், சுதந்திரம் கிடைத்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அதன் பிறகும் கடற்படைத் தளம் கடற்படைத் தளமாகவே இருந்தது, கொடி மட்டும் மாறியது. சீனக்குடாவில் விமானப்படை. அதை ஒட்டி 99 எண்ணெய்த் தாங்கிகள். அவற்றை யார் வைத்திருப்பது என்று கொழும்பும் புதுடில்லியும் பல்லாண்டு பேசி 2022 ஜனவரியில் உடன்படிக்கை எழுதின. திருகோணமலை என்றவுடன் உலகம் பேசுவது இந்தத் தாங்கிகளையும் கப்பல் நிற்கும் ஆழத்தையும்தான். ஒரு தாய் பிள்ளையை எங்கே குளிக்க விடுவாள் என்ற கேள்வி எந்த உடன்படிக்கையிலும் இடம்பெறும் அளவுக்குப் பெரிதாக யாருக்கும் தோன்றியதில்லை.

ஆனாலும் ஊர் சும்மா இருக்கவில்லை. 1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது புதைந்து கிடந்த கோயில் விக்கிரகங்கள் வெளிவந்தன. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் கோட்டைக்குள் கோயில் நின்ற மலையின் அடியில் கடலில் மூழ்கி இடிந்த கோயிலின் தூண்களைக் கண்டார்கள். 1963இல் மீளக் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. ஒரு படைக்கோட்டைக்குள், இன்றும் இராணுவம் தங்கியிருக்கும் கோட்டைக்குள், பொதுமக்கள் தங்குதடையின்றி நடந்து போகும் பாதை ஒன்று அதனால் திறந்தது. சம்பந்தரின் பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு அலையடிக்கும் அந்த மலைக்குப் போவோர் பூசைக்காக மட்டும் போவதில்லை. கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள். பிள்ளைகளுக்குக் கோயிலைவிட அவைதான் பெரிது. பெற்றோர் அதைத் தெய்வக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. உச்சியில் நின்றால் கீழே கடல் சட்டென்று ஆழமாகிறது. ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு இவ்வளவு நெருங்கி வருவதால்தான் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீலத்திமிங்கிலங்கள் இப்பக்கம் வருகின்றன. படகுக்குப் பணம் கொடுத்து அவற்றைத் தேடிப் போவோர் உண்டு. கடல் அமைதியாக இருக்கும் நாளில், காத்திருக்கும் பொறுமை உள்ளவருக்கு, மலையுச்சியிலிருந்தே அவற்றின் மூச்சு நீர்த்தூணாய் எழுவது தெரியும். உலகின் மிகப் பெரிய உயிரைக் காசில்லாமல் ஒரு குடும்பம் பார்க்கக்கூடிய இடம் உலகில் அதிகமில்லை. அதை எந்த விளம்பரப் பலகையாவது உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறதா?

ஒரு நாள் உலா என்பதை அற்ப விஷயமாக நினைப்பவர்கள் போர்க்காலத்தை மறந்துவிட்டார்கள். முப்பது ஆண்டு இந்த ஊரில் கடலுக்குப் போவதென்றால் சோதனைச்சாவடி, அடையாள அட்டை, நேரக் கட்டுப்பாடு. மீனவருக்கே அனுமதி வேண்டியிருந்தது. குளிக்கப் போகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலே ஏறி வந்தது. ஓராண்டு கழிந்து, 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் கூடியிருந்த மாணவர்களில் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பொலிஸ் தரப்பினர் 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென விடுவிக்கப்பட்டார்கள். மாலைக் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போவது உயிர் போகும் காரியமாக இருந்த ஊர் இது. அதே கரையில் இன்று கச்சான்காரரும் ஐஸ்கிரீம் வானும் பட்டம் விடும் பிள்ளைகளும் நிறைந்திருப்பதைச் சுற்றுலாத்துறை வளர்ச்சி என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக எழுதிவிட முடியாது. அரசாங்கம் கொடுத்த நீதியால் வந்த மாற்றமும் இது அல்ல. போர் நின்றதும் சனம் தானாகப் போய் மணலில் உட்கார்ந்தது. ஆகவே இந்தக் கரை மீது உரிமை சொல்ல இவர்களைவிட அதிகம் தகுதி உள்ளவர் யார் என்று கேட்பது நியாயமே.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, பணம். நாடு 2022இல் கடன் கட்ட முடியாமல் நின்றது. எரிபொருளுக்கு டொலர் வேண்டும், டொலரைக் கொண்டுவருபவர் வெளிநாட்டுப் பயணி. பார்சல் சோறு கட்டிக்கொண்டு வருபவர் எதைக் கொண்டுவருகிறார் என்கிறார்கள். இந்த வாதத்தைச் சிரித்து ஒதுக்க நான் தயாரில்லை. டொலர் வேண்டும்தான். ஆனால் அந்த வருவாயின் நம்பகத்தன்மையைப் பாருங்கள். 2018இல் ஏறத்தாழ 23 இலட்சம் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள், பிறகு கொள்ளைநோய். 2021இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. எங்கோ நடக்கும் ஒன்றினால் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிப் போகும் வருவாயை மட்டும் நம்பி ஒரு கரையை அமைப்பது புத்தியான கணக்கா? பயணத்தடை நீங்கியதும் கரைக்கு முதலில் வரக்கூடியவர்கள் கந்தளாய், வவுனியா, அனுராதபுரம், கண்டிப் பக்கத்துக் குடும்பங்கள்தான். அவர்களுக்கு விசாவும் வேண்டாம், விமானமும் வேண்டாம். இன்னொன்று, காலநிலை. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்க, கிழக்குக் கரை தட்டில் வார்த்த பால்போல் கிடக்கும். புத்தாண்டு விடுமுறையும் ஆகஸ்ட் பள்ளி விடுமுறையும் சரியாக அந்த மாதங்களில் வருகின்றன. இயற்கையும் நாட்காட்டியும் சேர்ந்து உள்நாட்டுக் குடும்பத்துக்கென்றே ஒதுக்கிவைத்த பருவம் அது. அப்படி வரும் ஒரு வான் குடும்பம் செலவழிக்கும் பணம் சிறியது. ஆனால் இறால் வடைக்காரர், அன்னாசிக்கு உப்புத்தூள் தடவி விற்பவர், ஆட்டோக்காரர், மாங்காய் அச்சாறு விற்கும் பெண் என்று அன்று மாலையே கைமாறி ஊருக்குள் தங்கிவிடுகிறது. பெரிய விடுதியின் வருவாயில் எவ்வளவு உப்புவெளியில் தங்குகிறது, எவ்வளவு வேறிடத்துக்குப் போகிறது என்பதை விடுதிக்காரர்களே மறுக்காமல் சொல்வார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. சனம் வந்தால் கரை பாழாகும். நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாத்தீவைச் சான்றாகக் காட்டுகிறார்கள். 1963இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2003இல் கடல்சார் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட இடம். நீரும் நிலமுமாகச் சேர்த்து ஏறத்தாழ 471 ஹெக்டேர்தான். போர் முடிந்ததும் படகு படகாகச் சனம் இறங்கியது. இடுப்பளவு நீரில் நிற்பவர் காலடியில் பவளம் நொறுங்குகிறது; நிற்பவருக்கு அது உயிருள்ளது என்றே தெரியாது. ஒரு கிளை மீண்டும் வளர எத்தனையோ ஆண்டுகள் ஆகும். இது உண்மை. புறாத்தீவுக்கு ஒரு நாளில் போவோர் தொகைக்கு வரம்பு வேண்டும் என்பதையும், தேவையானால் பவளப் பக்கத்தைச் சில மாதம் மூடவேண்டும் என்பதையும் நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் இந்தச் சான்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு பிசகானது. தீவின் பவளத்தை மிதிக்கும் காலுக்குக் கடவுச்சீட்டு இல்லை. நீந்தத் தெரியாத உள்நாட்டவரும் முகமூடி மாட்டிய வெளிநாட்டவரும் ஒரே சேதத்தைத்தான் செய்கிறார்கள். கட்டணத்தை உயர்த்திக் காசுள்ளவரை மட்டும் விடுவதால் பவளத்துக்கு என்ன ஆறுதல்? தொகைக்குத்தான் வரம்பு வேண்டும். அந்த வரம்புக்குள் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலிடம் இருக்கட்டும். பவளம் எதுவென்று பத்து வயதில் கண்ணால் கண்ட பிள்ளை அதை மிதிக்கப் போவதில்லை.

மணல் கரையின் குப்பை வேறு விஷயம். நீண்ட வார இறுதிக்குப் பிறகு உப்புவெளியிலும் நிலாவெளியிலும் பிளாஸ்டிக் போத்தலும் சோற்றுப் பார்சல் தாளும் கிடப்பதைப் பார்த்து, நம் சனத்துக்கு ஒழுங்கு தெரியாது என்று சலித்துக்கொள்வது படித்தவர்களின் வழக்கமாகிவிட்டது. அதே சனம் கோணேசர் மலையில் செருப்பைக் கழற்றி, வரிசையில் நின்று, நடந்த தடம் தெரியாமல் வீடு திரும்புகிறது. வேறுபாடு சனத்தில் இல்லை. மலையில் பொறுப்பாக ஒருவர் இருக்கிறார். மணலில் எவரும் இல்லை. குப்பைத்தொட்டியைவிட முக்கியமான ஒன்றையும் நாகரிகம் கருதி யாரும் பேசுவதில்லை என்பதால் நானே சொல்கிறேன்: கழிப்பறை. ஒரு குடும்பத்தின் கடற்கரை நாள் எத்தனை மணி நேரம் நீளும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். ஆண்களுக்குத் தென்னையடி போதும். பெண்களும் முதியவர்களும் சின்னப் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் போவோம் என்கிறார்கள். உடுப்போடு குளிக்கும் பெண்ணுக்கு ஈரம் மாற்ற மறைவிடம் இல்லையென்றால் அவள் கரையில் குந்தியிருந்து மற்றவர்களின் உடுப்பைப் பார்த்துக்கொள்வாள், குளிக்கமாட்டாள். விடுதி வாசிகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கடலோரத்தில் ஐந்து நட்சத்திரம் எத்தனை என்று எண்ணும் திட்டங்களில் ஒரு பெண் எத்தனை மணி நேரம் கரையில் இருக்க முடிகிறது என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும், எதை முதலில் கட்டவேண்டும் என்பது விளங்கிவிடும்.

குடும்பங்கள் வந்தால் மீனவர் தொழில் கெடும் என்றும் சொல்வதுண்டு. இது ஓரளவுதான் சரி. கரைவலைக்கு நீண்ட, தடையில்லாத மணல் வேண்டும். ஒவ்வொரு சம்மாட்டிக்கும், அதாவது வலைச் சொந்தக்காரருக்கும், வலை இழுக்கும் இடமாக ஒரு பாடு உண்டு. வலை இழுக்கும் நேரத்தில் நடுவே பந்து விளையாடினால் சண்டைதான் வரும். ஆனால் வலை கரை சேரும் நேரத்தில் சுற்றி நின்று பார்ப்பவர்களும் அங்கேயே மீன் வாங்குபவர்களும் இதே குடும்பங்கள். பாட்டை நிரந்தரமாக அடைப்பவை வேலியும் மதிலும். இலங்கையின் 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையும், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர் வரையும் கரையோர வலயம் என்கிறது. அதற்குள் எதைக் கட்டவும் அனுமதி வேண்டும். சட்டம் நல்ல சட்டம். இரண்டு விடுதி மதில்களுக்கு நடுவே மணலுக்கு இறங்க ஒரு பொது ஒழுங்கை விடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அந்த ஒழுங்கை போனால் மீனவரின் தோணிக்கும் வழி இல்லை, குடும்பத்துக்கும் வழி இல்லை. இருவரும் ஒருவருக்கொருவர் எதிரி என்ற பேச்சு யாருக்கு வசதியானது என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.

பாதுகாப்பு என்ற வாதத்தைச் சுருக்கமாகவே முடிக்கலாம். கப்பல் தரிக்கும் துறையை எந்த நாடும் திறந்து போடாது. அதைத் திறக்கும்படி எவரும் கேட்கவும் இல்லை. ஆனால் கப்பல் தரிக்காத மணலிலும் படைகள் விடுதி நடத்துவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது. சீனக்குடாப் பக்கம் விமானப்படை நடத்தும் மாபிள் கடற்கரைக்கு டிக்கட் வாங்கிக்கொண்டு எவரும் போகலாம். சுத்தமான இடம், கண்ணாடி போன்ற நீர். டிக்கட் விற்கக்கூடிய இடம் இரகசிய இடமாக இருக்க முடியாது அல்லவா? அப்படியானால் அதைப் பொது நிர்வாகத்திடம் கொடுப்பதில் என்ன ஆபத்து?

எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் வீதியில் நிற்கிறார்கள். நில வழக்குகள் முடியவில்லை. இந்த நேரத்தில் பட்டமும் ஐஸ்கிரீமும் பேசுவது எப்படி நியாயமாகும்? கேட்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. கோணேசர் மலையிலிருந்து தெற்கே பார்த்தால் கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் தெரியும் கரை சம்பூர்ப் பக்கம். 2006இல் அங்கிருந்து துரத்தப்பட்ட சனம் தங்கள் காணிக்குத் திரும்ப 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள்தான் போர் முடிந்து, குடாவின் வடபக்கத்தில் விடுதிகள் புதுப்பிக்கப்பட்டு, கிழக்கு திறந்துவிட்டது என்று உலகுக்கு விளம்பரம் போனது. ஆகவே அழகான கடற்கரைப் படம் அநீதியை மறைக்கப் பயன்படும் என்ற அச்சம் கற்பனையல்ல, நடந்தது. இருந்தும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த விளம்பரப் படத்தில் இருந்தது வெறும் மணலும் ஒரு சாய்வு நாற்காலியும். ஊர்ச் சனம் அதில் இல்லை. சனம் இல்லாத கரையைத்தான் எளிதாகக் கையகப்படுத்தலாம், விற்கலாம், வேலி போடலாம். ஒவ்வொரு ஞாயிறும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் உட்கார்ந்து எழும் மணலுக்கு வேலி போட வருபவர் இரண்டு முறை யோசிப்பார். மண்ணைப் பயன்படுத்திக்கொண்டே இருப்பது அதன் மீதான உரிமையைச் சொல்லும் வழிகளில் ஒன்று என்பதைச் சம்பூர் மக்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

மூவினமும் ஒரே மணலில் உட்கார்வதால் நல்லிணக்கம் வந்துவிடும் என்று நான் சொல்லப் போவதில்லை. எந்த இனமும் பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. கன்னியா வெந்நீர் ஊற்றுகள் போன்ற இடங்களில்கூட, ஏழு சிறு கிணறுகளில் வாளியால் அள்ளிக் குளித்துவிட்டுப் போகும் இடத்தில்கூட, யாருடைய வரலாறு என்ற பிணக்கு எழுந்தது. ஐஸ்கிரீம் அதைத் தீர்க்காது. ஆனால் ஒரு சிறிய உண்மையைப் பதிவு செய்யலாம். 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து நகருக்கு வருவதென்றால் படகுப் பாதைக்குக் காத்திருக்க வேண்டும்; திரும்பும் நேரமும் அதன் கையில். பாலம் வந்தபின் ஒரு முஸ்லிம் குடும்பம் அஸருக்குப் பிறகு புறப்பட்டு டச்சுக் குடாவில் காற்று வாங்கிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். அவர்களை வரவழைக்க எவரும் மாநாடு கூட்டவில்லை. வழி இருந்தது, வந்தார்கள்.

கரையைக் குடும்பத்துக்காக அமைப்பது புதுமையான யோசனையுமல்ல. கொழும்பின் காலிமுகத்திடல் நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், அங்கே நட்ட கல்லில், கொழும்பின் பெண்களையும் குழந்தைகளையும் முன்னிட்டு இதைப் பேணுமாறு தன் பின் வருவோரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மனதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளாகவே இருந்திருக்கலாம். அது வேறு கதை. திடல் பிறகு எல்லாருடையதுமானது. சென்னையில் கிராண்ட் டஃப் 1884இல் அமைத்த மெரீனா நடைபாதைக்கும் அதே கதிதான் நேர்ந்தது. ஆட்சியாளர் தம்மவருக்காகப் போட்ட பாதையில் ஊரார் போய் உட்கார்ந்தார்கள். திருகோணமலையில் ஆங்கிலேயர் அப்படி ஒன்றைப் போடவே இல்லை. அவர்களுக்கு இந்த ஊர் கப்பற்படைக்கானது, உலாவுக்கானதல்ல. அவர்கள் விட்டுச்சென்றவற்றில் ஊரார் போய்வரக்கூடியவை என்று பார்த்தால் உப்புவெளியில் நன்றாகப் பராமரிக்கப்படும் போர்க்கால மயானத்தைத்தான் சொல்ல வேண்டும்.

எனவே வேலை நம்முடையது, அதில் பெரிய தடை பணமும் அல்ல. கோட்டை வாசலிலிருந்து நிலாவெளி வரை ஒரு குடும்பம் ஒரே நாளில் போகும் வழியில் இராணுவம், தொல்பொருள் திணைக்களம், நகர நிர்வாகம், பட்டணமும் சூழலும் பிரதேச சபை, கரையோரம் பேணல் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம் என்று ஒவ்வொன்றின் எல்லையும் வந்து போகிறது. ஒவ்வொருவருக்கும் தத்தம் அறிவித்தல் பலகை உண்டு, சிலருக்கு டிக்கட்டும் உண்டு. எல்லைகளுக்கு இடையில் விழும் கழிப்பறைக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை. இவற்றை ஒரு மேசையில் உட்காரவைக்க மாவட்டச் செயலாளர் ஒருவரால் முடியும். புதுச் சட்டம் தேவையில்லை. அந்த மேசையில் முதலில் வைக்க வேண்டியவை பெரிய வரைபடங்கள் அல்ல. அலஸ்தோட்டத்துக்கும் நிலாவெளிக்கும் இடையே மணலுக்கு இறங்கும் பொது ஒழுங்கைகள் எத்தனை, எவை அடைபட்டிருக்கின்றன என்ற ஒரு பட்டியல். ஒவ்வொரு ஒழுங்கை வாயிலும் தண்ணீர்க் குழாய், கழிப்பறை, உடை மாற்ற அறை, அவற்றைத் துப்புரவாக்க மாதச் சம்பளத்தில் ஊரைச் சேர்ந்த ஒருவர். குளிக்கும் இடங்களில் உயிர்காப்பாளர். வாகனம் இல்லாத குடும்பமும் இருட்டும்வரை இருந்துவிட்டு வீடு போய்ச் சேர, ஞாயிறுகளிலும் போயா தினங்களிலும் நிலாவெளி வீதியில் இரவு எட்டு மணிக்குப் பிறகும் ஓடும் ஒரு பஸ்.